கணவாய்க்கு அந்தப் பக்கம்: ஆண்டிபட்டித் தொகுதியில் சில நாட்கள்

வெள்ளி

மதுரையிலிருந்து போடி போகும் காலை ரயிலில் ஏறிவிட்டேன். இந்த ரயிலுக்கே ஒரு தேர்தல் வரலாறு உண்டு. 2010 கடைசியில் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள், அகலப்பாதை வேலை முடிந்து தேனி வரை வண்டி ஓடியது 2022 மே மாதம், போடி வரை போனது 2023 ஜூனில். நடுவில் எத்தனை தேர்தல் வந்ததோ அத்தனையிலும் "மதுரை-போடி ரயில்" வாக்குறுதிப் பட்டியலில் இருந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவர், ஆண்டிபட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறாராம், "எங்க ஊருக்கு ரயில் விடுறேன்னு சொல்லாத ஆளு ஒருத்தர் கிடையாது தம்பி, கடைசியில விட்டது யாருன்னு கேட்டா ஆளுக்கு ஒருத்தர் கை தூக்குறாங்க" என்றார்.

உசிலம்பட்டி தாண்டியதும் கணவாய். பாறையைக் குடைந்து போட்ட பாதை, இரண்டு பக்கமும் கருங்கல் சுவர் ஜன்னலை உரசுகிற மாதிரி வரும், அப்புறம் சட்டென்று திறந்து தேனி மாவட்டம். இந்த இடத்தோடு பேச்சு மாறிவிடுகிறது. கணவாய்க்கு இந்தப் பக்கம் உசிலம்பட்டியில் மூக்கையாத் தேவர், பார்வர்டு பிளாக், சிங்கம் சின்னம். அந்தப் பக்கம் ஆண்டிபட்டி என்றால் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, இரட்டை இலை. வெளியூர்க்காரர்களுக்கு ஆண்டிபட்டி என்றாலே "வி.ஐ.பி. தொகுதி", "அ.தி.மு.க. கோட்டை". இந்தக் கோட்டைக் கதையை எனக்கு முழுசாக நம்ப முடியவில்லை, அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

ஸ்டேஷனில் இறங்கி கடைவீதிப் பக்கம் நடந்தால் முதல் டீக்கடையிலேயே 1984 வந்துவிடுகிறது. நான் கேட்கக்கூட இல்லை, "எலெக்‌ஷன் பத்தி எழுதுறீங்களா" என்றதும் மாஸ்டர் அடுப்பை விட்டு நகராமல் ஆரம்பித்துவிட்டார். இங்கே எல்லாருக்கும் அந்தக் கதை மனப்பாடம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1984 அக்டோபர் தொடக்கத்தில் எம்.ஜி.ஆர். அப்பல்லோவில் சேர்க்கப்படுகிறார். மாதக் கடைசியில் இந்திரா காந்தி சுடப்பட்டு இறக்கிறார். நவம்பர் 5-ம் தேதி எம்.ஜி.ஆரை விமானத்தில் அமெரிக்கா கொண்டுபோகிறார்கள், நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனைக்கு. டிசம்பர் 24-ல் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்துத் தேர்தல். முதலமைச்சர் வேட்பாளர் படுக்கையில் கிடக்கிறார், பேச்சு வரவில்லை. வேட்பு மனுவில் கையெழுத்து அங்கிருந்தே வாங்கி வந்தார்கள். அவர் சாப்பிடுகிற, பத்திரிகை பார்க்கிற காட்சிகளை வீடியோவில் பிடித்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். எதிர்த்தரப்பு "அவர் திரும்பி வர மாட்டார்" என்று பேசப் பேச, இந்தப் பக்கம் வீடியோ கேசட் பதில் சொன்னது. ஆண்டிபட்டிக்குள் ஒரு தடவைகூட ஓட்டுக் கேட்டு வராத வேட்பாளர் 32,484 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பதிவான ஓட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு.

டீ மாஸ்டருக்கு அப்போது பத்து வயசாம். "டிவி பொட்டிய வேன்ல கட்டிக் கொண்டாந்தாங்கண்ணே. எங்க ஊரு சனம் அப்பத்தான் டிவியவே பாக்குது. உள்ள தலைவர் கைய ஆட்டுறாரு, பொம்பளைங்க எல்லாம் அழுகுது. எங்க அப்பத்தா டிவிக்குச் சூடம் காமிச்சுச்சு." சூடம் காட்டிய கதை கொஞ்சம் கூடுதலாகத்தான் பட்டது, ஆனால் அடுத்த பெஞ்சில் இருந்தவரும் தன் வீட்டில் அதே மாதிரி நடந்ததாகச் சொன்னார்.

எனக்கு இதில் ஒரு கேள்வி. எம்.ஜி.ஆருக்கு ஆண்டிபட்டி சொந்தத் தொகுதியே இல்லை. 1967, 71-ல் பரங்கிமலை, 1977-ல் அருப்புக்கோட்டை, 1980-ல் மதுரை மேற்கு. பரங்கிமலையை விட்ட பிறகு தெற்கத்திப் பக்கமே தொகுதி மாற்றி மாற்றி நின்றிருக்கிறார். ஆண்டிபட்டியில் 1980-ல் ஜெயித்தவர் எஸ்.எஸ்.ராஜேந்திரன். லட்சிய நடிகர், சேடபட்டிக்காரர், அதாவது கணவாய்க்குப் பக்கத்து ஆள், 1962-லேயே தி.மு.க.வில் தேனியில் நின்று சட்டசபைக்குப் போனவர். ஆக எம்.ஜி.ஆர். வருவதற்கு முன்பே இங்கே சினிமாவும் இரட்டை இலையும் சேர்ந்து ஒரு தடவை ஜெயித்தாகிவிட்டது. பாதுகாப்பான இடம் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் பெயரை இங்கே போட்டார்கள் என்று நினைக்கிறேன். டீக்கடையில் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "எங்களைத் தேடி வந்தாரு" என்பதுதான் அவர்கள் பக்கம்.

சனி

காலையில் சக்கம்பட்டி. ஆண்டிபட்டியோடு ஒட்டிய நெசவாளர் பகுதி. தெருவுக்குள் நுழைந்தால் ஆட்களைப் பார்ப்பதற்கு முன்னால் தறிச் சத்தம் காதில் ஏறிவிடும். ஒரு வீட்டுத் திண்ணையில் அம்மா ஒருவர் ராட்டையில் தார் (தறிக்கான நூல் குச்சி) சுற்றிக்கொண்டிருந்தார், உள்ளே அவர் மகன் தறியில். பாவு (நீள நூல்) மஞ்சள், ஊடை (குறுக்கு நூல்) பச்சை. நூல் அறுந்தால் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது, என்னோடு பேசிக்கொண்டே கையை நீட்டித் தறியை நிறுத்தி, அறுந்த இழையை இரண்டு விரலால் முடிந்து, திரும்பவும் ஓட்டுகிறார், பேச்சு எங்கே நின்றதோ அங்கிருந்து தொடர்கிறது. கொஞ்சம் தள்ளி டி.சுப்புலாபுரத்திலும் இதே தொழில்தான். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை, ஒப்பந்தம் என்று ஒரு சுற்று போய்க்கொண்டே இருக்கும். எம்.எல்.ஏ. யார் என்பதைவிட அந்தப் பேச்சுவார்த்தைக்கு யார் வந்து உட்கார்ந்தார் என்பதுதான் இந்தத் தெருவில் நினைவிருக்கிறது.

அந்த அம்மாவிடம் 1989 பற்றிக் கேட்டேன். எனக்கு இந்தத் தொகுதியின் கதையில் மிகவும் பிடித்த வருடம் 1989-தான், 1984 கிடையாது.

எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. இங்கே அவருக்கு ஓட்டுப் போட்ட அதே தேதி, சரியாக மூன்று வருடம் கழித்து. கட்சி இரண்டாக உடைந்தது. அவர் மனைவி ஜானகி அம்மாள் 1988 ஜனவரியில் 24 நாள் முதலமைச்சராக இருந்தார், ஆட்சி போனது. 1989 ஜனவரித் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். ஜெயலலிதா பக்கத்துப் போடிநாயக்கனூரில் நின்றார். ஜானகி எங்கே நின்றார் தெரியுமா? இங்கே, கணவர் ஜெயித்த ஆண்டிபட்டியில்.

"புறாவுக்குப் போடுறதா சேவலுக்குப் போடுறதான்னு எங்க வீட்டுக்குள்ளயே சண்டை" என்றார் அந்த அம்மா. "எங்க வீட்டுக்காரர் புறா. எங்க கொழுந்தன் சேவல். ஒரே அடுப்புல சோறு, ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு சாப்புடுவாங்க."

நீங்க?

"நான் எதுக்குப் போட்டேன்னு அவுகளுக்கே சொல்லல, உங்களுக்குச் சொல்லுவேனா?"

முடிவு: தி.மு.க.வின் ஆசையன் ஜெயித்தார். எம்.ஜி.ஆரின் மனைவி, எம்.ஜி.ஆரின் தொகுதியில், அவர் இறந்து பதிமூன்றே மாதத்தில் தோற்றார். மாநிலம் முழுக்க ஜானகி அணிக்குக் கிடைத்தது ஒன்றிரண்டு இடம்தான், அதில் ஒன்று சேரன்மகாதேவியில் பி.எச்.பாண்டியன். ஜெயலலிதா அணிக்கு 27. போடியில் சேவல் கூவியது, ஆண்டிபட்டியில் புறா பறக்கவில்லை. அடுத்த மாதமே இரண்டு அணியும் ஒன்றாகி இலை திரும்பி வந்தது, 1991-ல் தொகுதியும் அ.தி.மு.க.வுக்குத் திரும்பியது, 1996-ல் மறுபடி ஆசையன். ஒருவேளை 1989-ல் ஜானகி மட்டும் இங்கே ஜெயித்திருந்தால் அவர் அரசியலை விட்டு ஒதுங்கியிருப்பாரா, அணிகள் அவ்வளவு சீக்கிரம் சேர்ந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தால் இந்தத் தெருக்காரர்களின் கைரேகை தமிழ்நாட்டு அரசியலில் எங்கெல்லாம் பதிந்திருக்கிறது என்று புரியும். 1984-ல் அவர்கள் செய்ததை மாநிலமே செய்தது. 1989-ல் அவர்கள் செய்தது அவர்களாகவே செய்தது.

மத்தியானம் க.விலக்கு வரை பஸ்ஸில் போனேன். தேனி அரசு மருத்துவக் கல்லூரி இங்கேதான், ஆண்டிபட்டித் தாலுகாவுக்குள். 2004-ல் தொடங்கியது. ஏன் தேனி டவுனில் இல்லாமல் இங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர் சிரிக்கிறார், "அம்மா தொகுதிண்ணே".

அதுதான் அடுத்த அத்தியாயம். 2001-ல் ஜெயலலிதா நான்கு இடத்தில் மனுப் போட்டார்: ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை. நான்கும் தள்ளுபடி. டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கிய வழக்கில் கிடைத்த தண்டனை ஒரு காரணம், இரண்டு தொகுதிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற சட்டம் இன்னொரு காரணம். ஆண்டிபட்டியில் மாற்று வேட்பாளரான தங்க தமிழ்ச்செல்வன் ஜெயித்தார். கட்சி ஜெயித்துவிட்டதால் எம்.எல்.ஏ. ஆகாமலே ஜெயலலிதா முதல்வரானார், செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அந்த நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவர் பெரியகுளத்தில் முதல் தடவை எம்.எல்.ஏ. ஆகியிருந்த ஓ.பன்னீர்செல்வம், அதாவது ஆண்டிபட்டிக்கு அடுத்த தொகுதிக்காரர். டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்ததும் தங்க தமிழ்ச்செல்வன் ராஜினாமா, 2002 பிப்ரவரி 21-ல் இடைத்தேர்தல். தி.மு.க.வின் வைகை சேகரை 41,201 ஓட்டில் தோற்கடித்து ஜெயலலிதா மறுபடி முதல்வராகக் கோட்டைக்குத் திரும்பினார். 2006-ல் ஆட்சி போனது, ஆனால் ஆண்டிபட்டி போகவில்லை, 25,000 ஓட்டுச் சொச்சத்தில் தி.மு.க. வேட்பாளர் சீமானை ஜெயித்தார் (நாம் தமிழர் சீமான் இல்லை, இவர் வேறு சீமான்).

மருத்துவமனை வாசலில் கட்டுச்சோறு விற்கும் கடையில் தக்காளிச் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். உள்நோயாளிகளின் சொந்தக்காரர்கள் மரத்தடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள், கம்பம், போடி, வருசநாடு, உசிலம்பட்டிப் பக்கமிருந்துகூட வருகிறார்கள். வி.ஐ.பி. தொகுதியாக இருந்ததில் என்ன கிடைத்தது என்று கேட்டால் எல்லாரும் முதலில் காட்டுவது இந்தக் கட்டடத்தைத்தான். இரண்டாவதாக எதைக் காட்டுவது என்று கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

ஞாயிறு

கடமலை-மயிலை ஒன்றியம். தொகுதியின் மறுபாதி. ஆண்டிபட்டி டவுனைப் பார்த்துவிட்டு தொகுதியைப் பார்த்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று ரோடு மூல வைகையைப் பிடித்தபடியே மேலே போகிறது. ஆறு என்று பெயர், பெரும்பாலான நாள் மணல். தென்னை, முருங்கை, இலவம் மரங்கள். இலவங்காய் வெடித்தால் பஞ்சு ரோட்டோரம் பறக்கும், பஞ்சு பிரிக்கும் கொட்டகைகளில் வேலை செய்பவர்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இங்கே பேச்சு எம்.ஜி.ஆர். இல்லை. காடு. மலையடிவாரத்தில் பரம்பரையாக விவசாயம் செய்கிற குடும்பங்களுக்கும் வனத்துறைக்கும் நிலத் தகராறு ரொம்ப வருடமாக நடக்கிறது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு பயம் கூடிவிட்டது. மயிலாடும்பாறையில் பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருந்த விவசாயி ஒருவர் கையில் பழைய ரசீதுகளை ஒரு மஞ்சள்பையில் சுற்றி வைத்திருந்தார், வரி கட்டியது, கரண்ட் பில், ரேஷன் கார்டு நகல். "வோட்டு இருக்கு, பட்டா இல்ல" என்றார். எந்தக் கட்சி வந்தாலும் பட்டா வாங்கித் தருவோம் என்கிறார்களாம். அவருக்கு எம்.எல்.ஏ.க்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிகிறது, ஒவ்வொருவரும் எந்தத் தேதியில் வந்து என்ன சொன்னார் என்பதோடு.

கோம்பைத்தொழு தாண்டி சின்னச் சுருளி அருவி. தண்ணீர் நூல் மாதிரி விழுந்தது, பத்து பேர் வரிசையில் நின்று குளித்துக்கொண்டிருந்தார்கள். நானும்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் பேச்சுக் கொடுத்தார். சாதிக் கணக்கு இல்லாமல் இங்கே யாரும் வேட்பாளர் போடுவதில்லை என்றார், கள்ளர் இத்தனை, நாயக்கர் இத்தனை, நெசவாளர் இத்தனை, எஸ்.சி. இத்தனை என்று விரலை மடக்கினார். அவர் சொன்ன எண்களைக் கூட்டினால் தொகுதியின் மொத்த ஓட்டையும் தாண்டிவிடும் போல இருந்தது. ஆனால் இந்தக் கணக்கில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் எந்த விரலில் வருகிறார்கள் என்று கேட்டதற்கு, "அவங்க விரல்ல வர மாட்டாங்க சார், அவங்க வந்தா கணக்கு கலைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு டிக்கெட் போடப் போய்விட்டார். நல்ல பதில்.

திங்கள்

வைகை அணை. 1959 ஜனவரி 21-ல் காமராஜர் திறந்தது. 71 அடி வரை தேக்கலாம். பூங்காவில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். மீன் கடைகளில் காலையிலேயே எண்ணெய் காய்கிறது. அணை ஆண்டிபட்டித் தாலுகாவில் இருக்கிறது, தண்ணீர் மதுரைக்கும் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் போகிறது, அதிலும் பெரும்பகுதி முல்லைப் பெரியாறு வழியாக வருகிற தண்ணீர். ஆண்டிபட்டி-சேடபட்டி கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு இங்கிருந்துதான் எடுக்கிறார்கள், சரி, ஆனால் மேட்டில் இருக்கும் கிராமங்களின் வயலுக்கு இது கண்ணில் படும் தண்ணீர், அவ்வளவுதான். கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுவருவோம் என்பது இங்கே மேடைக்கு மேடை கேட்ட வாக்குறுதி.

கரையில் உட்கார்ந்து 2019 பற்றி எழுதுகிறேன். என்னைக் கேட்டால் இந்தத் தொகுதியின் இரண்டாவது பெரிய தேர்தல் அதுதான்.

ஜெயலலிதா 2011-ல் ஸ்ரீரங்கம் போய்விட்டார், ஆண்டிபட்டியில் தங்க தமிழ்ச்செல்வன் 2011-லும் 2016-லும் ஜெயித்தார். ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு அவர் டி.டி.வி.தினகரன் பக்கம். 2017 செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்களில் ஒருவர். வழக்கு போய், தீர்ப்பு வந்து, 2019 ஏப்ரல் 18-ல் நாடாளுமன்றத் தேர்தலோடு இடைத்தேர்தல். தி.மு.க. வேட்பாளர் மகாராஜன். அ.தி.மு.க. வேட்பாளர் லோகிராஜன். கூடப் பிறந்த அண்ணன் தம்பி! அண்ணன் உதயசூரியன், தம்பி இரட்டை இலை. தொகுதிக்குப் பெரிய தலைகள் வந்து நின்ற காலம் போய், உள்ளூர்க் குடும்பம் ஒன்றே இரண்டு பக்கமும் நின்றது. எடப்பாடி பழனிசாமி ஆட்சியின் பெரும்பான்மையே அந்த வருட இடைத்தேர்தல்களில் தொங்கிக்கொண்டிருந்ததால் மாநிலமே இந்த அண்ணன் தம்பியைப் பார்த்தது.

ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு இரவு, ஆண்டிபட்டியில் ஒரு கட்சி அலுவலகம் இருந்த கட்டடத்தில் வருமான வரித்துறையும் பறக்கும் படையும் நுழைந்தன. தகராறு, தள்ளுமுள்ளு, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. உள்ளே 1 கோடியே 48 லட்சம் ரூபாய், 94 பாக்கெட்டுகளில். ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் வார்டு எண், ஓட்டு எண்ணிக்கை, தலைக்கு 300 ரூபாய் என்று எழுதியிருந்தது. பணம் தங்களுடையது இல்லை என்று அந்தக் கட்சி மறுத்தது. அதே நாள் வேலூரில் பணப் புகாருக்காக நாடாளுமன்றத் தேர்தலையே ரத்து செய்தார்கள். ஆண்டிபட்டியில் தேர்தல் நடந்தது.

அணைக்கரை மீன் கடை அண்ணனிடம் அந்த ராத்திரி பற்றிக் கேட்டேன். மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "பாக்கெட்டு மேல கணக்கு எழுதுனான் பாருங்க, அவன் நல்ல கணக்குப்பிள்ளை" என்றார். எந்தக் கட்சி எவ்வளவு என்பதை அவர் சொன்னார், நான் எழுதப்போவதில்லை. "300-க்குத்தான் இவ்வளவு கூத்தான்னு மத்த ஊர்க்காரன் சிரிச்சான்" என்பதில்தான் அவருக்கு வருத்தம்.

அண்ணன் ஜெயித்தார், 12,323 ஓட்டில். 2021-ல் அதே அண்ணன், அதே தம்பி, மறுபடியும் அண்ணன், 8,538 ஓட்டில். 2019-ல் அதே நாள் நடந்த தேனி நாடாளுமன்றத் தேர்தலில் பன்னீர்செல்வத்தின் மகன் ரவீந்திரநாத் ஜெயித்தார். தமிழ்நாட்டில் அந்த வருடம் அந்த அணி ஜெயித்த ஒரே நாடாளுமன்றத் தொகுதி. ஒரே சாவடிக்குள் இரண்டு எந்திரம், ஒன்றில் இலை, ஒன்றில் சூரியன் என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள் ஆண்டிபட்டிக்காரர்கள் கொஞ்சம் பேராவது. இதையும் 1989, 1996-ஐயும் சேர்த்துப் பார்த்தால் கோட்டை என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. ஆளைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் அந்த ஆட்கள், வேறு யாருக்கும் அந்தச் சலுகை இல்லை, எம்.ஜி.ஆரின் மனைவிக்கே இல்லை.

சாயங்காலம் தேனி போகிறேன். தங்க தமிழ்ச்செல்வன் கதைக்கு அங்கே மிச்சம் இருக்கிறது: 2019 நாடாளுமன்றத் தேர்தலில் தினகரன் கட்சியான அ.ம.மு.க.வுக்கு நின்று மூன்றாமிடம், தோற்ற கொஞ்ச நாளிலேயே தி.மு.க., 2021-ல் போடியில் பன்னீர்செல்வத்திடம் 11,021 ஓட்டில் தோல்வி, 2024-ல் தேனி எம்.பி. தேர்தலில் எதிரே நின்றவர் அவருடைய பழைய தலைவர் தினகரன், ஜெயித்தது இவர், உதயசூரியனில். அம்மாவுக்காக இலையில் ஜெயித்த இடத்தை விட்டுக்கொடுத்தவர்! பஸ் ஸ்டாண்டில் இதைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் ஆச்சரியமே இல்லை. நாளைக்குப் போடி, சேவல் ஜெயித்த ஊர். அங்கே பழைய பூத் ஏஜென்ட் ஒருவர் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார், கிடைத்தால் எழுதுகிறேன்.